தரையில் வைக்காதிருங்கள்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், நம் சபையின் சகோதரி ஒருவர் என்னிடம் வந்து, "போதகர் ஐயா, எங்கள் நிலவறையில் கால் வைக்க இடமில்லை. அலுமாரி செய்பவர்கள் சொல்லும் விலை எங்களுக்குக் கட்டாது. மலிவாக ஏதேனும் வழி உண்டா?" என்று கேட்டார். நான் என் வீட்டு நிலவறையில் கையால் றாக்கை அடித்தவன் என்பது அவருக்குத் தெரியும். அங்கேயே நின்று இரண்டொரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பின்னர், அந்தக் கேள்விக்கு நான் சொன்ன மறுமொழி போதாது என்று மனம் உறுத்தியது. ஆகையால் இவ்வாரத் தியானம் நம் வீடுகளின் படிக்கட்டுக்குக் கீழே நடக்கப்போகின்றது. பொறுமையோடு என்னுடன் இறங்கி வாருங்கள்.

முதலில் ஒன்றைச் சிந்திப்போம். நாம் பிறந்த ஊர்களில் நிலவறை இல்லை. இந்த நாட்டில் மட்டும் ஏன் ஒவ்வொரு வீட்டின் கீழும் இன்னொரு வீடு இருக்கின்றது? குளிர்காலத்தில் நிலம் உறைகின்றது. உறையும் மண் விரிந்து எழும். அதன்மேல் அத்திவாரம் இருந்தால் சுவர் வெடிக்கும். எனவே தென் ஒன்ராறியோவில் அத்திவாரத்தை ஏறக்குறைய 4 அடி, அதாவது 1.2 மீற்றர் ஆழத்துக்கும் கீழே கொண்டுபோகின்றார்கள். அத்தனை ஆழம் தோண்டியபின் இன்னும் சற்றுத் தோண்டினால் ஓர் அறை கிடைக்கின்றது. நிலவறை அப்படிப் பிறந்தது. அது மண்ணுக்குள் இருக்கும் அறை. மூன்று பக்கமும் ஈரமண் அணைத்து நிற்க, நான்காம் பக்கமும் பெரும்பாலும் அதேபோல் இருக்கின்ற அறை. இந்த ஓர் உண்மையை மறந்து அங்கே பொருள் அடுக்குகிறவர்கள் ஒருநாள் வருந்துவார்கள். நான் வருந்தியவன்.

2013ஆம் ஆண்டு யூலை மாதம் 8ஆம் தேதி. அன்று மாலை பெய்த மழையை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரத்துக்குள் 126 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. வீதிகள் ஆறாயின. எங்கள் வீட்டு நிலவறையின் தரையிலுள்ள வடிகால் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி வந்தது. அரை அடிதான் நின்றது. அயலவர் சிலருக்கு இடுப்பளவு நின்றதென்று கேள்விப்பட்டபோது, எங்களுக்குப் பெரிய சேதமில்லை என்றே முதலில் நினைத்தேன்.

ஆனால் அந்த அரை அடிக்குள் ஒரு மட்டைப்பெட்டி இருந்தது. அதில் என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு எழுதிய நீலநிற வான்கடிதங்கள் இருந்தன. அவர் கடைசிவரை மைப்பேனாவால் எழுதினவர். பெட்டியைத் திறந்தபோது தாள்கள் இருந்தன, எழுத்து இல்லை. நீலம் நீலத்தில் கரைந்திருந்தது. அவற்றின் அடியில் எங்கள் குடும்பத்தின் ஒரே பழைய படத்தொகுப்பு இருந்தது. அம்மா இடப்பெயர்வுகளுக்கூடாகவெல்லாம் துணியில் சுற்றிச் சுமந்துவந்த தொகுப்பு அது. போர் அழிக்காததை, ரொறன்ரோவில், என் சொந்த வீட்டில், நான் தரையில் வைத்து அழித்தேன்.

இதில் மிகவும் உறுத்துவது என்னவென்றால், அந்தப் பெட்டி ஒரு விலையுயர்ந்த அலுமாரிக்குள் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நிலவறையின் வெளிச்சுவரோடு ஒட்டி, தரையிலிருந்து கூரைவரை, வெள்ளைக் கதவுகளுடன் ஓர் அலுமாரி செய்வித்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. அதன் அடித்தட்டு என்பது தரையேதான். கதவுக்குப் பணம் கொடுத்தேன், உயரத்துக்குக் கொடுக்கவில்லை. இரண்டு நாளில் அழுத்திய மரத்தூள் பலகை ஊதிப் பிளந்தது. ஒரு வாரத்தில் பின்சுவரில் கறுத்த பூஞ்சணம் படர்ந்தது. முழுவதையும் உடைத்துக் குப்பையில் போட்டோம்.

ஆகவே, அன்பானவர்களே, இந்த விடயத்தில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. நிலவறையில் சேமிப்பிடம் அமைப்பதற்கு மலிவான வழியே பெரும்பாலும் சிறந்த வழி. மூடிய அலுமாரியைவிடத் திறந்த றாக்கை நல்லது. சுவரோடு ஒட்டியதைவிடச் சுவரைவிட்டு விலகி நிற்பது நல்லது. இவற்றையெல்லாம் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஊரில் பாட்டியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். பெறுமதியான பொருட்கள் பெட்டகத்தில் இருந்தன. அந்தப் பெட்டகத்துக்குக் கால்கள் இருந்தன. நெல்மூட்டைகள் வெறுந்தரையில் கிடக்கவில்லை. கோக்காலியின்மேல் ஏறி இருந்தன. கறையானும் ஈரமும் தரையிலிருந்துதான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை நாம் விமானம் ஏறும்போது அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

இப்போது செய்யவேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்லுகிறேன். பலகை வாங்கக் கடைக்குப் போவது முதல் வேலையல்ல. முதல் வேலை ஈரத்தை அறிவது.

ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்ரிக் தாள் ஒன்றை நிலவறைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பின்னர் உரித்துப் பாருங்கள். தாளின் அடியில் துளிகள் இருந்தால் ஈரம் கொங்கிறீற்றின் ஊடாக மண்ணிலிருந்து வருகின்றது. தாளின் மேற்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகின்றது. சுவரில் வெண்மையான உப்புப்பொடி பூத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் நடமாடுகின்றது என்று பொருள். காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறு மானி ஒன்றை 15, 20 டாலருக்கு வாங்கலாம். அது 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 60ஐத் தாண்டினால் நீங்கள் சேமிப்பிடம் அமைக்கவில்லை, பூஞ்சணத்துக்குப் பண்ணை அமைக்கின்றீர்கள்.

ஈரத்தைக் குறைக்கும் வழிகளிலும் மலிவானவையே முதலில் வரவேண்டும். வீட்டின் பீலிகளில் அடைத்திருக்கும் இலைகளை அகற்றுங்கள். பீலிக்குழாய் தண்ணீரை அத்திவாரத்தின் காலடியில் கொட்டினால், ஒரு நீட்டுக்குழாய் பொருத்தி இரண்டு மீற்றர் தூரத்துக்காவது கொண்டுபோய் விடுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள மண் வெளிப்பக்கம் சரிந்திருக்கின்றதா என்று பாருங்கள். நிலவறையில் ஈரத்துணி காயப்போடாதீர்கள். கோடையில் "காற்றோட்டம் வரட்டும்" என்று நிலவறைச் சாளரங்களைத் திறந்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. புழுக்கமான நாளில் அது தவறு. வெளியிலுள்ள வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகின்றது. இவ்வளவும் செய்த பின்னரும் மானி இறங்காவிட்டால்தான் ஈரமகற்றும் இயந்திரத்துக்குப் பணம் செலவிடவேண்டும்.

வடிகால் வழியே கழிவுநீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு ஒன்று உண்டு. அதைப் பொருத்துவதற்கும், நிலத்தடி நீரை வெளியேற்றும் பம்பி வைப்பதற்கும் ரொறன்ரோ மாநகரம் வீட்டு உரிமையாளருக்கு மானியம் வழங்குகின்றது. தற்போதைய தொகையையும் நிபந்தனைகளையும் மாநகரத்தின் 311 இலக்கத்தில் கேட்டறியலாம். உங்கள் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து ஒருமுறை படியுங்கள். கழிவுநீர் ஏறுவதால் வரும் சேதத்துக்கான பாதுகாப்பு பெரும்பாலும் தனியாகச் சேர்க்கவேண்டிய ஒன்று. அது தானாக வருவதில்லை. 2024ஆம் ஆண்டு யூலை 16ஆம் தேதி பியர்சனில் மறுபடியும் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர் மழை பெய்தபோது, இதை அறியாதிருந்து கலங்கினவர்களைக் கண்டேன்.

இரண்டாம் வேலை, இருப்பதைக் குறைப்பது. இதைத்தான் நாம் எல்லோரும் தாண்டிப் போக விரும்புகிறோம், நானும் அப்படியே. ஆனாலும் இது காசு செலவில்லாமல் இடம் தரும் ஒரே வழி.

லூக்கா சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். நிலம் நன்றாக விளைந்த ஒரு மனிதன், இருக்கும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் தீர்மானிக்கின்றான். அந்த இரவே அவன் உயிர் எடுக்கப்படுகின்றது. இந்த உவமையை வைத்துச் சேமிப்பே பாவம் என்று போதிப்பவர்கள் உண்டு. அது சரியான வாசிப்பு என்று நான் எண்ணவில்லை. ஆதியாகமத்தில் யோசேப்பும் களஞ்சியங்களை நிரப்பினார். செழிப்பான 7 ஆண்டுகளில் விளைச்சலின் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். அதற்காக அவரை யாரும் மதிகேடன் என்று சொல்லவில்லை. பஞ்சம் வந்தபோது அந்தக் களஞ்சியங்கள் திறக்கப்பட்டன. எகிப்தியரும் பிழைத்தார்கள், அயல்நாட்டாரும் பிழைத்தார்கள். உவமையின் மனிதனோ தன்னோடு மட்டுமே பேசுகின்றான். அவன் கதையில் வேலையாளில்லை, அயலானில்லை, பிள்ளைகூட இல்லை. அவனது களஞ்சியத்துக்கு உள்ளே போகும் வாசல் இருந்தது, வெளியே வரும் வாசல் இல்லை.

நம் நிலவறைகளுக்கு அந்த இரண்டாம் வாசல் உண்டா? ஒரு கார்த்திகை மாதத்தில், இந்நாட்டுக்கு வந்து மூன்று வாரமே ஆன ஒரு குடும்பத்தை எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தோம். இரண்டு பிள்ளைகளுக்கும் குளிரங்கி இல்லை. மெல்லிய சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்திருந்தார்கள். அவர்களுக்கு வாங்கிக் கொடுக்கவென்று என் மனைவியும் நானும் கடைக்குப் புறப்பட்டோம். வழியில்தான் நினைவு வந்தது: எங்கள் பிள்ளைகள் போட்டு வளர்ந்த 5 குளிரங்கிகள் நிலவறையில் ஒரு கறுப்புப் பையில், 6 ஆண்டுகளாகக் கிடக்கின்றன. திரும்பி வந்து பையைத் திறந்தோம். இரண்டு மட்டும் தேறின. மற்றவை ஈரம் பிடித்து நாறின. அவற்றை நாங்கள் உபயோகிக்கவில்லை, பிறருக்கும் கொடுக்கவில்லை, ஆயினும் வீணாக்கிவிட்டோம்.

ஆகவே றாக்கை கட்டுமுன் எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். இந்த ஆண்டுக்குள் நாம் உபயோகிப்பவை ஒன்று. இப்போதே பிறருக்கு உதவக்கூடியவை மற்றொன்று. உடைந்தவை மூன்றாவது. உடைந்ததைக் கொடை என்று சொல்லி ஆலயத்துக்குக் கொண்டுவராதீர்கள், அன்போடுதான் சொல்லுகிறேன். வெறும் சூட்கேசுகளை ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். நம் வீடுகளில் சராசரி எத்தனை சூட்கேசுகள் உண்டென்று எண்ணிப் பாருங்கள். ஒரு சுவரே விடுதலையாகும். பெரிய விருந்துக்கான கிடாரங்களும் மடக்குக் கதிரைகளும் பத்து வீட்டில் பத்துத் தொகுதியாக இருக்கவேண்டியதில்லை. ஒரு வீட்டில் இருக்கட்டும். மற்றவர்கள் கேட்டு வாங்கட்டும். கேட்டு வாங்குவதில் வெட்கமில்லை. ஊரில் நாம் அப்படித்தானே வாழ்ந்தோம்!

மூன்றாம் வேலைதான் றாக்கை. அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

கையில் கருவி பிடிக்க விரும்பாதவர்கள் கடையில் விற்கும் 5 தட்டு றாக்கையை வாங்கலாம். பிளாஸ்ரிக்கில் செய்தது விலை குறைவு, துருப்பிடிக்காது, தண்ணீர் வந்தாலும் கழுவிக்கொள்ளலாம். ஆனால் பாரமான பொருள் வைத்தால் நடுவில் வளையும். இரும்புச்சட்டத்தில் செய்தது பாரம் தாங்கும். வாங்குமுன் ஒரு தட்டுக்கு எத்தனை கிலோ என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். நம் வீட்டு அரிசிப்பை ஒன்று 18 கிலோ. நான்கு பையை ஒரே தட்டில் வைத்தால் 72 கிலோ. கணக்குப் பார்க்காமல் வாங்கிய றாக்கை சரிந்தால் அதன் கீழே ஒரு குழந்தை நிற்கக்கூடும்.

மற்ற வழி, நாமே மரத்தால் அடிப்பது. கடைகளில் 'ரூ பை ஃபோர்' என்று கேட்டால் தரும் 8 அடி மரச்சட்டம் போதும். பெயரில் 2க்கு 4 அங்குலம் என்றிருந்தாலும் அதன் உண்மையான அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலமே. அளவெடுக்கும்போது இதை மறவாதீர்கள். 8 அடி நீளம், 2 அடி அகலம், 6 அடி உயரம், 3 தட்டுகள் கொண்ட ஒரு றாக்கைக்குக் கணக்கு இதுதான்: தட்டுக்களின் முன்னும் பின்னும் போகும் நீளச்சட்டங்கள் 6. மூலைகளுக்கு 4 கால்களும் நடுவில் 2 கால்களுமாக 6. கால்களை 6 அடிக்கு வெட்டினால் 6 துண்டுகள் மிஞ்சும். ஒவ்வொன்றையும் 21 அங்குலத்துக்குச் சீர்செய்தால் அவையே குறுக்குச்சட்டங்களாகும். தட்டுக்கு 3 வீதம் 9 குறுக்குச்சட்டங்கள் வேண்டும். மீதி 3க்கு இன்னொரு சட்டம் வாங்குங்கள். மொத்தம் 13 சட்டங்கள். மேலே விரிக்க 4க்கு 8 அடி ஒட்டுப்பலகை இரண்டு, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 4 தட்டு கிடைக்கும், ஒன்று மிஞ்சும். பலகையைக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். காரிலும் ஏற்றலாம், வீட்டில் வாளும் தேவையில்லை.

கால்கள் நீளச்சட்டங்களின் வெளிப்பக்கத்தில் வரவேண்டும். ஒவ்வொரு பொருத்திலும் இரண்டரை அங்குலத் திருகாணி இரண்டாவது போடுங்கள். ஆணி அடிக்காதீர்கள், ஆணி காலப்போக்கில் நழுவும். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கட்டும். ஓர் அடி என்றால் இன்னும் நன்று. சாதாரண மரம் கொங்கிறீற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். எனவே ஒவ்வொரு காலின் அடியிலும் தடித்த பிளாஸ்ரிக் அல்லது இறப்பர்த் துண்டு ஒன்றை வையுங்கள். வெளிச்சுவரிலிருந்து நான்கு விரலளவு விலக்கி நிறுத்துங்கள். காற்று ஓடட்டும், சுவரில் ஏதேனும் கசிந்தால் கண்ணுக்கும் தெரியட்டும். வெளிச்சுவர்க் கொங்கிறீற்றில் துளையிட வேண்டாம். தண்ணீருக்கு நாமே வழி காட்டுவதாகும். ஆனால் றாக்கை சரியாமல் இருக்க, அதன் மேற்பகுதியை மேலேயுள்ள தளத்தின் உத்தரத்தோடு ஓர் இரும்புப் பட்டியால் பிணைத்துவிடுங்கள். பிள்ளைகள் ஏறுவார்கள். ஏறாதே என்று சொல்லியும் ஏறுவார்கள்.

நான் அடித்தபோது முழுச்செலவும் 150 டாலருக்குள் முடிந்தது. மர விலை மாறிக்கொண்டே இருப்பதால் உங்களுக்குக் கூடவோ குறையவோ வரலாம். வெளியே ஒரு சேமிப்பறையை வாடகைக்கு எடுத்தால் மாதமொன்றுக்கே நூறு டாலருக்கும் மேல் போகும். அதுவும் மாதாமாதம், நாம் பார்க்கவும் போகாத பொருட்களுக்கு. இரண்டு மாத வாடகை, வீட்டில் ஒரு றாக்கை. ஏதேனும் பெரிய காரணமின்றி அந்த வாடகையைக் கொடுப்பது விவேகமல்ல என்பதே என் எண்ணம்.

மட்டைப்பெட்டிகளை விட்டுவிடுங்கள். மட்டை ஈரத்தை உறிஞ்சும். பூச்சிகளுக்கு அது உணவு. மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிகளை, ஒரே அளவில், ஒரே கடையில், ஒரே நாளில் வாங்குங்கள். வெவ்வேறு அளவில் வாங்கினால் ஒன்றின்மேல் ஒன்று அமராது. நான் சொன்ன றாக்கையில் தட்டுக்கு நான்கு நடுத்தரப் பெட்டிகள் தாராளமாக நிற்கும். பெட்டியின் மூடியில் எழுதாமல் முகப்பில் எழுதுங்கள். உள்ளே இருப்பது என்ன, எந்த ஆண்டு வைத்தது, யாருடையது என்ற மூன்றையும் எழுதுங்கள். இரண்டு குளிர்காலம் திறக்கப்படாத பெட்டி ஒன்று கண்ணில் பட்டால், அது எவருக்குப் பயன்படும் என்று கேளுங்கள்.

இன்னும் சில இடங்கள் நம் தலைக்கு மேலேயும் காலடியிலும் காலியாக இருக்கின்றன. கூரை மூடப்படாத நிலவறையில், உத்தரங்களுக்கு இடையே உள்ள பள்ளங்களில் இலேசான, நீளமான பொருட்களை வைக்கலாம்; இரண்டு உத்தரங்களுக்குக் குறுக்கே ஒரு பலகைத் துண்டைத் திருகினால் போதும். நத்தார் மரம், மீன்பிடித் தடி, சுருட்டிய பாய் ஆகியவை அங்கே அடங்கும். உத்தரத்தை மட்டும் வெட்டவோ குடையவோ வேண்டாம். அது உங்கள் வீட்டைச் சுமக்கின்றது. படிக்கட்டின் அடியில், சில்லுப் பூட்டிய தாழ்ந்த பலகைகளைச் செய்து அவற்றின்மேல் பெட்டிகளை ஏற்றினால், ஆழத்தில் கிடப்பதையும் இழுத்தெடுக்கலாம். பனிக்கால ரயர்கள் இரும்புச் சக்கரத்தோடு இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். சக்கரம் இல்லாத ரயராக இருந்தால் நிமிர்த்தி வையுங்கள்.

இனி, எங்கே வைக்கக்கூடாது என்பதைச் சொல்லவேண்டும். இதில் நான் கண்டிப்பானவன்.

வெப்ப உலையையும் தண்ணீர் சூடாக்கியையும் சுற்றி மூன்றடி விட்டுவிடுங்கள். மின்சாரப் பலகைக்கு முன்னால் ஒரு மீற்றர் இடம் எப்போதும் காலியாக இருக்கவேண்டும், அது சட்டமும்கூட. பெற்றோல், வண்ணப்பூச்சைக் கரைக்கும் திரவம், சமையலடுப்பின் புரொப்பேன் உருளை ஆகியவை ஒருபோதும் நிலவறைக்குள் வரக்கூடாது. புரொப்பேன் காற்றிலும் பாரமானது. கசிந்தால் நிலவறையின் தரையிலேயே தங்கும்.

சாளரங்களை மறைக்காதீர்கள். இதைச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இந்நாட்டுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு நிலவறையில் நால்வரோடு வாழ்ந்தேன். உங்களில் அநேகர் அப்படித்தான் தொடங்கினீர்கள். அந்த அறையில் ஒரே ஒரு சிறு சாளரம் இருந்தது. வீட்டுக்காரர் தம் பெட்டிகளை அதன் முன்னால் கூரைவரை அடுக்கியிருந்தார். வாடகை குறைவு, ஆகவே நாங்கள் வாய்திறக்கவில்லை. ஓர் இரவு மேல்மாடிச் சமையலறையில் எண்ணெய்ச்சட்டி பற்றிப் படிக்கட்டு வழியே புகை இறங்கியது. படியால் ஏற முடியவில்லை. ஐந்து பேரும் இருட்டில் பெட்டிகளைப் பிடுங்கி எறிந்து அந்தச் சாளரத்தைத் தேடினோம். தீ விரைவில் அணைந்தது. கர்த்தருடைய கிருபையால் எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. அந்தப் பெட்டிகளில் ஒன்று கையில் உடைந்தது. உள்ளே இருந்தவை பழைய பத்திரிகைகள்.

இன்று நம்மில் பலர் வீட்டுக்காரர்கள். நம் நிலவறையில் இப்போது ஒரு மாணவனோ, புதிதாய் வந்த ஒரு குடும்பமோ, நம் சொந்தப் பெற்றோரோ உறங்குகின்றார்கள். அவர்கள் அறைக்குள் நம் சாமான்கள் கைநீட்டிப் புகுகின்றன. உறங்கும் அறையிலிருந்து ஒரு மனிதன் வெளியேறக்கூடிய சாளரம் வேண்டும் என்பதற்காகவே, திறந்த பகுதி 0.35 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது என்று ஒன்ராறியோவின் கட்டடச் சட்டம் அளவு வகுத்திருக்கின்றது. அந்த அளவு பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தால் யாருக்குப் பயன்? இன்றிரவு இறங்கிப் போய்ப் பாருங்கள். புகையறியும் கருவி ஒலிக்கின்றதா என்றும் அழுத்திப் பாருங்கள்.

கடைசியாக, நிலவறைக்கே போகக்கூடாதவை. பழைய படங்கள், கடிதங்கள், பிறப்பு விவாகப் பதிவுகள், காணி உறுதிகள், திருமண வேதாகமம் ஆகியவற்றை மேல்தளத்தில், நீங்கள் வாழும் அறையில் வையுங்கள். கூரையடியிலும் வேண்டாம், அங்கே கோடை வெப்பம் தின்னும். உங்களுக்கு உறங்க வசதியான இடமே படங்களுக்கும் வசதியான இடம். இப்போதே கைத்தொலைபேசியால் ஒவ்வொன்றையும் படமெடுத்து உடன்பிறந்தோருக்கு அனுப்பிவிடுங்கள். எப்போதாவது படங்கள் நனைந்துவிட்டால், ஒன்றோடொன்று ஒட்டிக் காய விடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெல்லப் பிரித்துத் தனித்தனியாக உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் முடியாதென்றால், மெழுகுத்தாள் இடையிட்டுப் பொதிசெய்து உறைபெட்டியில் வைத்து, பின்னர் ஆறுதலாகச் செய்யலாம். 2013இல் இது எனக்குத் தெரியாது. நான் வெயிலில் காயவைத்தேன். அவை ஒரே கட்டியாக இறுகிவிட்டன.

அந்தக் கட்டியை இன்னும் நான் எறியவில்லை. என் படிப்பறையில், மேசைக்கு மேலே, உயரமான தட்டில் இருக்கின்றது. மேற்படத்தில் அம்மாவின் சேலைக்கரை மட்டும் தெரிகின்றது.

பிரியமானவர்களே, வருகின்ற சனிக்கிழமை ஒருநாளை இதற்கு ஒதுக்குங்கள். துளையிடும் கருவி இல்லாதவர்கள் என்னுடையதை வாங்கிப் போகலாம். படி இறங்க முடியாத முதியவர்கள் எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நம் இளைஞர்களில் இருவரை அழைத்துக்கொண்டு நானே வருகிறேன். நல்ல நிலையில் உள்ள குளிரங்கிகளை, முக்கியமாகச் சிறுபிள்ளைகளுக்கானவற்றை, துவைத்து, அளவு எழுதி, ஞாயிறன்று கொண்டுவாருங்கள். குளிர் தொடங்குமுன் அவை உரியவர்களின் தோளில் இருக்கவேண்டும்.

என்னிடம் கேள்வி கேட்ட சகோதரிக்கு: உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருவேன். அளவுநாடாவை எடுத்து வையுங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் மேல்வீட்டையும் கீழ்வீட்டையும், அவற்றில் உறங்குகிற ஒவ்வொருவரையும் காத்து நடத்துவாராக. ஆமென்.